கூலிப்படையில் ஸ்டோர் கீப்பர்

இல்லீங்க மேடம், அவர் என் முதலாளி கிடையாது. நான் அவருகிட்ட வேலை பாக்கல. அந்தக் கிட்னி தான ஃபாரத்துல உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அண்ணன் தம்பியா, மாமன் மச்சானான்னு யோசிச்சுப் பாத்தேன், எதுவும் ஒட்டல. நண்பர்னு போடலாம்னா, கிட்னி குடுக்க வர்றவன் எல்லாருமே நண்பர்னுதான் எழுதுவான், நீங்க நம்ப மாட்டீங்கன்னு எனக்கே தோணிச்சு. சரி, உள்ளதை உள்ளபடி எழுதிடுவோம்னு ஒரே கம்பெனின்னு போட்டேன். அது முதலாளி தொழிலாளியை மிரட்டி கிட்னி வாங்குற கேஸா உங்க கண்ணுக்குத் தெரியும்னு நினைக்கல. என் புத்தி எப்பவும் அவ்வளவுதான்.

என்ன கம்பெனின்னா... எப்படிச் சொல்றது. கூலிப்படைங்க.

மேடம், அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க. அதை எழுதிட்டீங்கன்னா அப்புறம் நான் வீட்டுக்குப் போக முடியாது. நிஜக் கூலிப்படை இல்லீங்க. விளையாட்டு. பேப்பர், பென்சில், ரெண்டு பகடை, அவ்வளவுதான் சாமான். ஒருத்தர் கதையை நடத்துவாங்க, மத்தவங்க ஆளுக்கொரு வேஷம். வேஷம்னா மூஞ்சில பூசிக்கிறது இல்ல, வாயால சொல்றதுதான். நான் கதவைத் திறக்கிறேன்னு சொன்னா கதவு திறந்துடும். சில நேரம் திறக்காது. அதுக்குத்தான் பகடை. எதிர்காலத்துல நடக்கிற கதை. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போறாங்க, ஒவ்வொரு நிலாவுலயும் சுரங்கம் தோண்டுறாங்க, சர்க்கார்னு ஒண்ணு எங்கேயோ ரொம்பத் தூரத்துல இருக்கு. சண்டைன்னு வந்தா கூலிக்கு ஆள் பிடிக்கணும். அந்தக் கூலி ஆளுங்க நாங்க.

சிரிச்சுக்கோங்க, பரவால்ல. எனக்கு நாப்பத்தேழு வயசு. லிஃப்ட் மெக்கானிக். என் தம்பி இதைக் கேட்டுட்டு அரை மணி நேரம் விடாம சிரிச்சான்.

கேப்டன் பழக்கமானதே லிஃப்ட்லதான். கேப்டன்னா அவர்தான், உங்க ஃபைல்ல நோயாளின்னு போட்டிருக்கீங்களே, அவரு. பல் செட் செய்றவர். டாக்டர் இல்லீங்க, டாக்டர் அளவெடுத்து அனுப்புவாரு, இவர் செஞ்சு குடுப்பாரு. அந்தக் கட்டடத்துல மூணாவது மாடியில சின்னதா ஒரு லேப். பதினோரு வருஷம் முன்னாடி ஒரு நாள் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நின்னு போச்சு. உள்ள இவரு, கையில ஒரு அட்டைப் பெட்டி நிறைய பல் செட்டு. நான் மேல மெஷின் ரூம்ல பாத்தா பிரேக் இறுகிப் போய் கிடக்கு. சாமான் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். உள்ள மாட்டிக்கிட்டவங்க பயந்துடக் கூடாதுன்னு கதவு இடுக்குல வாயை வெச்சுப் பேசிக்கிட்டே இருக்கணும், அது எங்க தொழில்ல முதல் பாடம். நான் போய், சார் பயப்படாதீங்கன்னேன். அவரு, தம்பி, நீ பயப்படுற மாதிரி இருக்கு, குரல் நடுங்குதேன்னாரு.

உண்மைதான். புது வேலை அது. எனக்குத்தான் நடுங்கிச்சு.

அப்புறம் அவர்தான் எனக்குத் தைரியம் சொல்றதுக்காக ஒரு கதை ஆரம்பிச்சாரு. இப்ப நீ ஒரு விண்கப்பல்ல இருக்கேன்னு வெச்சுக்கோ, கதவு ஜாம் ஆயிடுச்சு, உள்ள காத்து ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும், என்ன பண்ணுவேன்னாரு. நானும் சும்மா இருக்க மாட்டாம பதில் சொன்னேன். அதுக்கு அவர் ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, சாமான் வந்ததே எங்களுக்குத் தெரியல. கதவைத் திறந்தா, பெட்டி மேல உக்காந்துக்கிட்டு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வா, ஆள் குறையுதுன்னாரு.

போனேன். லேப் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க வெள்ளை வெள்ளையா, அளவெடுத்து வார்த்த மாவுத் தாடை. ஊர்ல பாதி பேரோட வாய் அங்க இருக்கு, எல்லாம் திறந்தபடி எங்களையே பாத்துக்கிட்டு. நடுவுல மேசை. டீச்சர் உக்காந்திருந்தாங்க. அவங்கதான் கதை நடத்துறவங்க. டுடோரியல்ல கணக்கு எடுக்குறாங்க, கையில தடியா ஒரு நோட்டு, அதுல உலகம் பூராவும் இருக்கு. அந்த நோட்டை இன்னை வரைக்கும் யாரையும் தொட விட்டதில்ல. மேசை மேல கப்பலுங்க. பல் செட்டுக்கு ஈறு செய்ற ரோஸ் கலர் பிளாஸ்டிக் இருக்குல்ல, அதுலயே கேப்டன் செதுக்கி வெச்சிருந்தாரு. போர்க்கப்பல் எல்லாம் ஈறு கலர்ல.

நமக்கு என்ன வேஷம்னு பகடை உருட்டித்தான் முடிவு பண்ணணும். நான் உருட்டினேன். பலம் மூணு. தைரியம் நாலு. கணக்கு பதினொண்ணு. டீச்சர் என் பேப்பரைப் பாத்துட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, உங்களுக்கு ஸ்டோர் கீப்பர்தான் சரியா வரும்னாங்க. பாருங்க, கற்பனைதானே, செலவில்லாத விஷயம், ராஜாவா இருந்திருக்கலாம், பறந்திருக்கலாம். நான் போய் அண்டசராசரத்துல பூட்ஸ் எண்ணுற வேலைக்குச் சேந்தேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன், கூலிப்படைன்னா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. நானும் அப்படித்தான் நினைச்சேன், துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு டப்டப்னு சுட்டுக்கிட்டே இருப்போம்னு. பதினோரு வருஷத்துல நான் ரெண்டே தடவைதான் சுட்டிருக்கேன். அதுல ஒண்ணு என் கால்லயே.

மத்த நேரமெல்லாம் கான்ட்ராக்ட்தான். டீச்சர் ஒரு சுரங்க முதலாளியா மாறிடுவாங்க. என் பம்ப் ஸ்டேஷனை ஆறு மாசம் காவல் காக்கணும், வருவீங்களாம்பாங்க. உடனே சரின்னு சொல்லிட முடியாது. அங்க போக யார் கப்பல்? காத்து யார் பொறுப்பு? அடிபட்டா டாக்டர் உண்டா? செத்தவனை யார் ஊர் கொண்டு போய்ச் சேக்குறது? முக்கியமா, திரும்பி வர்றதுக்குக் கப்பல் கீழயே நிக்குமா, இல்ல நம்மளை இறக்கிட்டுக் கிளம்பிடுமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வராம கேப்டன் பேனாவையே தொட மாட்டாரு. மூணு வாரம் இழுப்பாரு. டீச்சருக்குக் கோவம் வந்து, வேற படை பாத்துக்கிறேன்னு நோட்டை மூடிடுவாங்க. அப்புறம் டீ குடிச்சுட்டு மறுபடி திறப்பாங்க.

எதிர்ப்பக்கமும் பெரும்பாலும் கூலிப்படைதான். இன்னைக்கு எதிர்ல நிக்கிறவன் அடுத்த வருஷம் நம்ம பக்கத்துல படுத்திருப்பான். அதனால வெறி பிடிச்சு அடிச்சுக்க மாட்டோம். கைதியைத் தொட மாட்டோம். மூணுல ஒருத்தன் விழுந்துட்டா வெள்ளைத்துணி காட்டலாம், அதுல அவமானம் ஒண்ணும் இல்ல, கான்ட்ராக்ட்லயே எழுதியிருக்கும். எங்க கேப்டன் முற்றுகை நடுவுல எதிர்ப்படைக் கேப்டனை ரேடியோவுல கூப்பிட்டு, என்னப்பா, போன தடவை அடிபட்ட முட்டி எப்படி இருக்குன்னு விசாரிப்பாரு. சொன்ன வேலைக்கு ஒரு அங்குலம் கூடவும் செய்ய மாட்டோம், குறைக்கவும் மாட்டோம். பேர் கெட்டுப் போனா அப்புறம் எந்த நிலாவுலயும் கூப்பிட மாட்டான், அந்தப் பயம்தான். வீரம்னு ஒரு சொல்லை நாங்க உபயோகிச்சதே கிடையாது.

எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு மேடம். சண்டை போடாம இருக்கிறதுக்கு எத்தனை வழி இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுல நான் கெட்டிக்காரன் ஆயிட்டேன். அந்த உடுப்புக்குக் காத்து வடிகட்டி இல்ல, இந்த ஆளுக்குப் பூட்ஸ் சைஸ் இல்ல, நாளைக்குக் கிளம்பினா போதும்னு ஸ்டோர் கீப்பர் சொல்லிட்டா படையே நின்னுடும். என் ஒருத்தனால ரெண்டு போர் நடக்காமலே போயிருக்கு.

என் வீட்டுக்காரிக்கு முதல்ல சந்தேகம். ஞாயித்துக்கிழமை ஆனா சட்டை மாத்திக்கிட்டுப் பையைத் தூக்கிட்டுக் கிளம்புறானே, எங்கேயோ சின்ன வீடு வெச்சிருக்கான்னு. ஒரு நாள் பின்னாடியே வந்துட்டா. கதவைத் தள்ளிப் பாத்தா, மாவுத் தாடைக்கு நடுவுல நாலு பேரு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் காத்து வேணும்னு கத்திக்கிட்டிருக்கோம். பத்து நிமிஷம் நின்னு பாத்தா. வீட்டுக்கு வந்து சொன்னா, பொம்பளை விவகாரமா இருந்தாலாவது வெளியில சொல்லி அழலாம், இதை நான் யாருகிட்டப் போய்ச் சொல்றதுன்னு.

நாலாவது ஆளா? கேப்டனோட மச்சினன். அவன் பின்னாடி வேற ஊருக்கு வேலை மாத்திக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் நாங்க மூணு பேர்தான்.

உடம்பு கெட்டது நாலரை வருஷம் முன்னாடி. கால் வீங்குதுன்னாரு, செருப்பை ஒரு சைஸ் பெரிசா வாங்கிக்கிட்டாரு. ஸ்டோர் கீப்பர், நமக்கு இப்ப பெரிய பூட்ஸ் வேணும்பான்னு அதையும் விளையாட்டாக்கினாரு. அக்காதான் இழுத்துட்டுப் போனாங்க. அக்கான்னா கேப்டனோட வீட்டுக்காரம்மா. ரெண்டு கிட்னியும் போச்சுன்னு சொல்லிட்டாங்க. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். நாலு மணி நேரம் அந்தச் சாய்வு நாற்காலியில. இடது கையில நரம்பையும் ரத்தக்குழாயையும் சேத்துத் தைச்சிருக்காங்க பாத்தீங்களா, அதுல விரலை வெச்சா மோட்டார் ஓடுற மாதிரி ஒரு அதிர்வு. முதல் தடவை தொட்டுப் பாக்கச் சொன்னாரு. நான் மோட்டார்ல கை வைக்கிறவன்தானே, பேரிங் நல்லாத்தான் இருக்கு அண்ணேன்னு சொல்லிட்டு வெளியில போய் படிக்கட்டுல உக்காந்துட்டேன். தலை சுத்திடுச்சு.

ஆமாங்க, ரத்தம்னா எனக்கு ஆகாது. ஊசின்னா ஆகாது. அறுபதடி உயரத்துல கம்பியைப் பிடிச்சுத் தொங்குவேன், ஒரு தடுப்பூசிக்குப் போனா நர்ஸு என்னைப் பிடிச்சு உக்கார வைக்கணும்.

ஞாயித்துக்கிழமை அவரால எழுந்து உக்கார முடியல. அதனால விளையாட்டை டயாலிசிஸ் வார்டுக்கே மாத்திட்டோம், சனிக்கிழமை மத்தியானம். எப்படியும் நாலு மணி நேரம் அசையாம உக்காரணும், இதைவிட வசதி கிடைக்குமான்னு கேப்டனே சொன்னாரு. சிஸ்டர் முதல்ல திட்டினாங்க. அப்புறம் பகடை ரெண்டும் நாற்காலிக்கு அடியில உருண்டா அவங்களே குனிஞ்சு பாத்து, ஒன்பதுன்னு சொல்ற அளவுக்கு வந்துட்டாங்க. பக்கத்து நாற்காலியில ஒரு பஸ் கண்டக்டர், அவருக்கும் சனிக்கிழமைதான். அவரு எங்களுக்கு யோசனை சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. அந்தப் பம்ப் ஸ்டேஷனைப் பின்பக்கமா விட்டுட்டீங்களே, அந்தப் பக்கம் ஆள் போடுங்கன்னு. கரெக்ட்டாத்தான் சொல்வாரு.

அந்தப் பனி நிலா கதை நடந்தது அங்கதான். அதைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். ரெண்டு நிமிஷம் கேளுங்க.

முழுக்க உறைஞ்ச நிலா ஒண்ணு. அங்க தண்ணி எடுக்குற ஸ்டேஷனைக் காவல் காக்கிற கான்ட்ராக்ட். நாலு மாசம் ஒழுங்காப் போச்சு. திடீர்னு ஒரு நாள் எங்களை வேலைக்கு வெச்ச முதலாளியே ஆளைக் காணோம், கிளம்பி ஓடிட்டான். முதலாளி ஓடிட்டா கான்ட்ராக்ட் முடிஞ்சுது, நாங்களும் போகலாம், தப்பே கிடையாது. எதிரி நெருங்கிட்டான். கப்பல் கீழதான் நிக்குது. ஆனா கேப்டன் வெளியில. ரோந்து போன இடத்துல பனி பிளந்து உள்ள விழுந்து கால் உடைஞ்சு கிடக்காரு. வண்டியில போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். அவ்வளவு நேரம் காத்திருந்தா கப்பல்ல எரிபொருள் குறைஞ்சுடும், ஏத்தி வெச்சிருக்கிற சாமானோட மேல எழும்பாது. சாமான்னா சும்மா இல்லீங்க, ஆறு வருஷமா நான் சேத்தது. ஜெனரேட்டர், உடுப்பு, மருந்து, உதிரிபாகம், கம்பெனியோட மொத்த உசுரும் அதான்.

எங்க கம்பெனியில ஒரு விதி. கப்பல்ல என்ன ஏத்துறது, என்ன இறக்குறதுங்கிறது ஸ்டோர் கீப்பர் சொல்றதுதான். கேப்டனே சொன்னாலும் செல்லாது. டீச்சர் நோட்டை மடியில கவுத்து வெச்சுட்டு என்னைப் பாத்து, என்ன பண்றீங்கன்னாங்க. நான் கேப்டனைப் பாத்தேன். நிஜக் கேப்டனை. நாற்காலியில சாஞ்சு, கையில ரெண்டு டியூப்பு, ஒண்ணுல ரத்தம் வெளிய போகுது, ஒண்ணுல உள்ள வருது. ரேடியோவுல பேசுற மாதிரி வாய்கிட்ட கையைக் குவிச்சுக்கிட்டு, ஸ்டோர், கிளம்பிடு, இது உத்தரவு, சாமான்தான் முக்கியம்னாரு.

நான் சொன்னேன், எல்லாத்தையும் இறக்குங்க. ஜெனரேட்டரை இறக்கு, மருந்தை இறக்கு, பூட்ஸை இறக்கு. வண்டியை எடு, நானே போறேன்னேன். தைரியம் நாலு உள்ளவன் மேடம். பத்துக்கு மேல விழுந்தாத்தான் பனியில வழி தெரியும்னு டீச்சர் சொன்னாங்க. உருட்டினேன். ஆறு, அஞ்சு. பதினொண்ணு. அந்தக் கண்டக்டர் கை தட்டினாரு, சிஸ்டர் தட்டினாங்க, அந்தப் பக்கம் தூங்கிட்டிருந்த ஒரு அம்மா எழுந்து என்னாச்சு, யாருக்கு என்னாச்சுன்னு கேட்டாங்க. கேப்டனுக்கு பிரஷர் ஏறி மெஷின் கத்த ஆரம்பிச்சுடுச்சு. சிரிக்கிறாரு, கண்ணுல தண்ணி வர சிரிக்கிறாரு. டியூப் இல்லாத கையால என் முதுகுல தட்டி, நல்ல முடிவு எடுத்தேடான்னாரு.

அன்னைக்கு வீட்டுக்கு நடந்து வந்தேனா, மிதந்து வந்தேனான்னு தெரியல.

என்ன கேட்டீங்க? அது எப்பவா? ரெண்டு வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷம் மூணு மாசம்.

ஆமா. நீங்க கேக்குறது நியாயம். இவ்வளவு பிரியம் உள்ளவன், அவரு நாலரை வருஷமா அந்த மெஷின்ல கிடக்கும்போது எங்க போயிருந்தேன்னுதானே. இப்ப மட்டும் என்ன திடீர்னு, யாராவது பணம் காட்டினாங்களா, மிரட்டினாங்களான்னு. நானா இருந்தாலும் அதைத்தான் கேப்பேன்.

யாரும் மிரட்டல. அக்காவுக்குச் சக்கரை, அவங்க குடுக்க முடியாது. மச்சினனுக்கு குரூப் சேரல. டீச்சருக்கு வயசு கூட, கல்லு வேற இருக்கு. எல்லாரும் டெஸ்ட் எடுத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சதும் நானும் எடுக்குறேன்னு சொன்னேன். சொன்னது எப்படின்னா, எப்படியும் சேராதுன்னு ஒரு நம்பிக்கையில. சொந்தக்காரங்களுக்கே சேரல, லிஃப்ட்காரனுக்கா சேரப் போகுது. ரத்தம் எடுக்கும்போது வழக்கம் போல மயங்கி விழுந்தேன். எழுந்து பாத்தா அக்கா என் தலையைப் பிடிச்சுக்கிட்டு அழுறாங்க. உங்களுக்குப் பெரிய மனசுன்னாங்க. பெரிய மனுஷன் மாதிரி நானும் தலையை ஆட்டிக்கிட்டேன்.

ரிப்போர்ட் ஒரு புதன்கிழமை வந்துச்சு. நான் ஒரு லிஃப்ட் மேல நின்னு கம்பிக்கு எண்ணெய் போட்டுட்டிருந்தேன். ஃபோன்ல வந்துச்சு, அங்கேயே நின்னு படிச்சேன். சேருது மேடம். எல்லாம் சேருதுன்னு போட்டிருந்துச்சு. அதுக்கு அடுத்த சனிக்கிழமைதான் நான் பனியில போய் கேப்டனைத் தூக்கிட்டு வந்தேன்.

புதன்கிழமை சாயங்காலமே அவருக்கு ஃபோன் பண்ணிட்டேன். அண்ணே, ஒத்துக்கலையாம்னேன். குரல் நடுங்காமத்தான் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டேன். அவரு, அப்படியா, சரி விடு, சாப்பிட்டியான்னு கேட்டாரு. சாப்பிட்டேன்னேன். அதுவும் பொய்தான்.

ஏன்னா, பயம். வேற பெருசா ஒரு காரணம் இருந்தா சொல்ல மாட்டேனா? பிள்ளைங்க படிக்குது, மலையேறுற மாதிரி வேலை, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யாருன்னு எனக்கு நானே பெரிய கான்ட்ராக்ட் எல்லாம் எழுதிப் பாத்தேன். அத்தனையும் கழிச்சுட்டுப் பாத்தா, வயித்துல கத்தி வைப்பாங்கன்னு பயம், அவ்வளவுதான் மிச்சம். என் வீட்டுக்காரிகிட்டயும் சேரலன்னுதான் சொன்னேன். நல்லதுங்கன்னு சொல்லிட்டு, அப்படிச் சொன்னதுக்கு அவளே வெக்கப்பட்டா.

அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் ஒரு சனிக்கிழமை விடாம போனேன். இது எப்படி என்னால முடிஞ்சுதுன்னு கேக்காதீங்க. போனேன், உக்காந்தேன், பகடை உருட்டினேன். அவரு மெலிஞ்சுக்கிட்டே வந்தாரு. எலும்பு வலிக்குதுன்னாரு, தண்ணி அளந்து குடிச்சாரு, நான் அவருக்கு எதிர்லயே உக்காந்து டீ குடிச்சேன். மூணு மாசம் முன்னாடி அந்தக் கை நரம்பு அடைச்சுக்கிச்சு. இனிமே ஊசி போட இடம் தேடணும்னு கழுத்துல டியூப் போட்டாங்க. அந்த வாரம் போனப்ப, டீச்சர் நோட்டைத் திறக்கவே இல்ல. கேப்டன் ஒரு பேப்பரை நீட்டினாரு. கம்பெனியை ஸ்டோர் பேருக்கு மாத்திட்டேன், இனி நீதான் கேப்டன், எனக்குச் சின்னதா ஒரு தோட்டக்காரன் வேஷம் குடுத்துடுங்க, ஏதாவது ஒரு நிலாவுல தக்காளி போட்டுக்கிட்டு இருக்கேன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. டீச்சர் அழுதுட்டாங்க. கணக்கு டீச்சர், நான் அவங்க அழுது பாத்ததில்ல.

நான் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டு நாள் என்கிட்ட அவ பேசவே இல்ல. மூணாவது நாள், நான் வந்து சம்மதம்னு கையெழுத்துப் போடுறேன், நீங்க போய் முதல்ல அவர் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்கன்னா.

போனேன். வார்டுக்கு இல்ல, லேப்புக்கு. உக்காந்து ஒரு பல் செட்டைத் தேய்ச்சுக்கிட்டிருந்தாரு, முடிஞ்ச அளவு வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருக்காரு. அண்ணே, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அந்த ரிப்போர்ட்டுன்னேன். அவர் தேய்க்கிறதை நிறுத்தல. சேந்திருச்சுன்னு தெரியும்டான்னாரு.

டெஸ்ட்டை அவர் ஃபைல்லதானே எடுத்தாங்க. அவர் நம்பருக்கும் அதே ரிப்போர்ட் போயிருக்கு. அந்தப் புதன்கிழமை நான் ஃபோன் பண்ணும்போதே அவர் அதைப் படிச்சு முடிச்சிருக்காரு. படிச்சுட்டுத்தான் சாப்பிட்டியான்னு கேட்டிருக்காரு.

நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். ஏண்ணே சொல்லலன்னு கேட்டேன். சொல்லியிருந்தா நீ சனிக்கிழமை வர்றதை நிறுத்திடுவே, அப்புறம் ஸ்டோரை யார் பாக்குறதுன்னாரு. எழுந்திரு, தரையெல்லாம் மாவு, பேன்ட்டு வெள்ளையாயிடும்னாரு.

கிட்னி வேணாம்னுதான் சொன்னாரு மேடம். பத்து நாள் சண்டை போட்டு ஒத்துக்க வெச்சேன். நீங்க அவரையும் தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க, இதையேதான் சொல்வாரு. இல்ல, சொல்ல மாட்டாரு. என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுவாரு. அதான் நானே சொல்லிட்டேன். எழுதிக்கணும்னா எழுதிக்கோங்க.

அக்காவுக்கு மட்டும் நான் சொன்ன அந்தப் பொய் தெரியாது. அவர் இன்னும் சொல்லல, என்னையும் சொல்ல விட மாட்டேங்கிறாரு. வெளியில பெஞ்சுல என் வீட்டுக்காரி பக்கத்துல உக்காந்திருக்காங்க பாருங்க, பச்சைப் புடவை, அவங்கதான். காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடாம வந்திருப்பேன்னு எனக்கு ஃப்ளாஸ்க்ல பால் கொண்டு வந்திருக்காங்க. இந்தக் கதவைத் திறந்தா ஊத்தி நீட்டுவாங்க. நானும் வாங்கிக் குடிச்சுடுவேன்.